சின்ன ஊரில் விளம்பர யோசனை எங்கே ஊறுகிறது?

கேள்வி: வாழைச்சேனையில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறேன். பெனர், நோட்டீஸ், பேஸ்புக் விளம்பரம், ஓட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியில் போகும் அறிவித்தல் எல்லாவற்றையும் நான்தான் எழுதுகிறேன். தயிர்க் கடையோ ரியூசன் வகுப்போ சாப்பாட்டுக் கடையோ, வருகிற எல்லோரும் ஒரே மாதிரித்தான் கேட்கிறார்கள். நானும் ‘தரம், நம்பிக்கை, நியாய விலை’ என்றே எழுதிக் களைத்துவிட்டேன். கொழும்பில் இருந்தால் புதுப்புது யோசனை வந்திருக்குமோ? இங்கே இருந்துகொண்டு அதை எங்கே தேடுவது?
— வாசகி, பனிச்சங்கேணி

பதில்: ஓர் அழகு பாருங்கள்: யோசனை வருவதில்லை என்று எழுதிய கடிதத்திலேயே, நீங்கள் சலித்துப்போன மூன்று சொற்களைச் சரியாகப் பொறுக்கி எடுத்துத் தந்துவிட்டீர்கள். எது தேய்ந்த சொல் என்று தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

முதலில் கொழும்பை ஒரு பக்கம் வைப்போம். பெரிய நகரத்தில், பெரிய கம்பனியில், குளிரூட்டிய அறையில்தான் யோசனை பிறக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது கிடைக்காதவர்கள் போனைத் திறந்து ஊர் உலகத்து விளம்பரங்களை எல்லாம் உருட்டிப் பார்க்கிறார்கள். அங்கே தென்படுபவை வேறு யாருடைய பொருளுக்கோ, வேறு யாரோ கண்டுபிடித்த விடைகள். வடிவமைப்பு பழக அவை உதவும். உங்கள் ஊர்த் தயிர்க் கடையைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.

அப்படியானால் வறட்சி ஏன் வருகிறது? அமெரிக்க விளம்பரக்காரர் ஜேம்ஸ் வெப் யங் 1940இல் இதைப் பற்றி ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். ஏற்கெனவே இருக்கிற விசயங்கள் புதிதாகச் சேர்வதுதான் யோசனை என்பது அவர் கருத்து. ஆகவே சேர்ப்பதற்குக் கையில் சரக்கு வேண்டும். உங்களிடம் வருகிறவர் என்ன தருகிறார்? கடையின் பெயர், போன் நம்பர், ஒரு படம். விளம்பரத் துறையில் ‘பிரீஃப்’ என்று ஒன்று உண்டு. பொருள் எது, வாங்குபவர் யார், அவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிவைக்கும் குறிப்பு அது. அந்தக் குறிப்பு வெறுமையாக இருந்தால் எவ்வளவு கெட்டிக்காரரும் ‘தரம், நம்பிக்கை’ என்றுதான் எழுதுவார். குறை உங்கள் கற்பனையில் இல்லை, கைக்கு வந்த சரக்கில் இருக்கிறது.

சரக்கைத் தேடிப் போவது எப்படி என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. கிளாட் ஹொப்கின்ஸ் என்பவரிடம் ஷ்லிட்ஸ் பியர் கம்பனியின் விளம்பர வேலை வந்தது. எல்லாக் கம்பனிகளும் ‘எங்கள் பியர் தூய்மையானது’ என்று கத்திக்கொண்டிருந்த காலம். ஹொப்கின்ஸ் நேரே ஆலைக்குப் போனார். ஆழக் கிணற்றையும், வடிகட்டிய காற்றில் பியரைக் குளிரவைக்கும் அறையையும், போத்தல்களைத் திரும்பத் திரும்பக் கழுவும் இயந்திரத்தையும் பார்த்து வியந்து, இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். எல்லா ஆலையிலும் இப்படித்தான் செய்கிறார்கள், இதில் என்ன புதுமை என்றார்கள். எல்லோரும் செய்ததை முதலில் சொன்னவர் ஹொப்கின்ஸ்தான். ஐந்தாம் இடத்தில் இருந்த கம்பனி சில மாதங்களில் முன்னணிக்கு வந்தது என்று 1927இல் வெளியான தன் வரலாற்றில் அவர் எழுதுகிறார்.

இனி உங்கள் தயிர்க் கடைக்கு வருவோம். மட்டக்களப்பு எருமைத் தயிர் மண் சட்டியில்தான் உறைகிறது. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. தயிரின் நீர் அவற்றில் சுவறிச் சட்டியின் வெளிப்புறத்தில் ஈரமாகக் கசியும். கசிந்தது ஆவியாகும்போது உள்ளே குளிரும். நீர் இப்படிக் குறைவதாலும்தான் கரண்டியால் வெட்டி எடுக்குமளவுக்குத் தயிர் இறுகி நிற்கிறது. இது உங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்பதாலேயே யாரும் பெனரில் எழுதுவதில்லை. ‘தண்ணியச் சட்டி குடிச்சிட்டுது. தயிர் உங்களுக்கு’ என்று ஒரு போர்ட் வைத்துப் பாருங்கள். தரம் என்ற சொல்லே வேண்டியிருக்காது.

சரக்குச் சேர்ந்த உடனே யோசனை வந்துவிடுமா? பெரும்பாலும் வராது. இங்கேதான் பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். கிரஹம் வாலஸ் என்ற ஆங்கில அறிஞர் 1926இல் எழுதிய நூலில் இந்த இடைக்காலத்துக்கு ‘அடைகாத்தல்’ என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். மனம் வேறு வேலையில் இருக்கும்போது உள்ளே விசயம் முற்றுகிற காலம் அது. ஆகவே காலையில் தயிர்க்காரரோடு பேசிக் குறிப்பெடுங்கள். பிறகு கல்யாண அழைப்பிதழையோ பில் புத்தகத்தையோ செய்யுங்கள். பின்னேரம் பனிச்சங்கேணிப் பாலத்தால் வீட்டுக்குப் போகும்போது தோன்றுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் எழுத உட்காரலாம்.

வந்த யோசனையைச் சோதிக்க வேண்டும். மட்டக்களப்பு–திருகோணமலை வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகிற பஸ், ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் கடக்கும். 50 மீற்றர் தூரத்திலிருந்து வாசிக்கக்கூடிய போர்டுக்குப் பயணி தருவது மூன்று விநாடி. அதற்குள் ஐந்தாறு சொல்தான் கண்ணில் ஏறும். கடையின் முழு விலாசமும் மூன்று போன் நம்பரும் ஏறாது. இந்த நெருக்கடியை வரவேற்றுக்கொள்ளுங்கள். எதை விடுவது என்று யோசிக்கும்போதுதான் எது முக்கியம் என்று பிடிபடும்.

சின்ன ஊர் உங்களுக்குத் தருகிற பெரிய வசதி இனித்தான் வருகிறது. வாங்குகிறவரின் மனதை அறியப் பெரிய கம்பனிகள் காசு கொடுத்து ஆய்வு செய்கின்றன. உங்களுக்கு அவர் தேத்தண்ணிக் கடையில் பக்கத்து வாங்கில் இருக்கிறார். தமிழ்நாட்டில் கடலூரில் 1983இல் சி. கே. ரங்கநாதன் 15,000 ரூபாய் முதலோடு தொடங்கியதுதான் சிக் ஷாம்பு. ஷாம்பு பழக்கமில்லாத கிராமங்களுக்கு அவருடைய ஆட்கள் போய், பள்ளிக்கூடப் பையன் ஒருவனின் தலையைச் சனம் பார்க்கக் கழுவிக் காட்டி, முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். சனம் எதை நம்பும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு வந்த யோசனை அது.

ஆகவே அடுத்த பெனர் வேலை வரும்போது கொம்பியூட்டரைத் திறக்க முன், வாடிக்கையாளரிடம் அரை மணித்தியாலம் கேளுங்கள். முடிந்தால் அவருடைய கடையிலேயே சந்தியுங்கள். பொருள் எப்படி உருவாகிறது, வாங்க வருகிறவர் முதலில் எதைத் தொட்டுப் பார்க்கிறார், எதைக் குறை சொல்கிறார் என்ற மூன்றையும் விசாரியுங்கள். பதிலை அவர் பேசுகிற பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதில் பொய் எதையும் சேர்க்க வேண்டாம். சின்ன ஊரில் பொய் விளம்பரம் அடுத்த சந்தைக்குள் பிடிபட்டுவிடும், கடைக்காரரின் பெயரோடு உங்கள் பெயரும் கெடும். உண்மையைக் கிட்ட நின்று பார்த்து எழுதினால், அந்தக் கடைக்கு மட்டுமே பொருந்துகிற வரி ஒன்று நிச்சயம் கிடைக்கும். அதை எழுதப் பனிச்சங்கேணியில் இருப்பவருக்குக் கொழும்பில் இருப்பவரைவிட வாய்ப்பு அதிகம்.