எல்லை தாண்டும் லாரிக்கு ஓர் எண்
(இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் துறை மாணவன்)



என் அப்பா லாரி டிரைவர். நேஷனல் பெர்மிட் வண்டி. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் ராத்திரி போன் வந்தது. பக்கத்து மாநில எல்லையில் வண்டியை நிறுத்தி விட்டார்கள். எஃப்.சி. முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. புதுப்பிக்க வேண்டியவர் வண்டி முதலாளி. ஆனால் மூன்று நாள் ரோட்டோரம் கிடந்தது அப்பாதான். "தேதி முடிஞ்சது எனக்கு எப்படிடா தெரியும்? எனக்குப் படிக்கவா தெரியும்?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். அன்றிலிருந்து அப்பா வண்டி எடுக்கும் முன் எல்லா பேப்பரிலும் தேதி பார்த்துச் சொல்வது என் வேலை.

மாநில எல்லைக்கே இந்தப் பாடு என்றால், நாட்டின் எல்லையைத் தாண்டும் லாரிக்கு என்னென்ன பேப்பர் வேண்டும்? இந்தக் கேள்வியோடு தேடியபோது கிடைத்ததுதான் மெக்சிகோ – அமெரிக்கா எல்லையின் கதை. அதை இக்கட்டுரையில் காண்போம்.

மூன்று வண்டி, ஒரே லோடு

மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குள் லாரிகள் நுழைவது 2023-ல் மட்டும் 70 லட்சம் தடவைக்கு மேல். ஆனால் பெரும்பாலான லோடுகளை ஒரே வண்டி கடைசி வரை கொண்டு போவதில்லை. மெக்சிகோ லாரி எல்லை ஊர் வரை கொண்டுவரும். அங்கே டிரைலரைக் கழற்றி, எல்லையை மட்டும் தாண்டுகிற வேறொரு வண்டியில் மாட்டுவார்கள். அது பாலத்தைக் கடந்து டெக்சாஸ் பக்கம் விட்டதும், மூன்றாவதாக ஓர் அமெரிக்க வண்டி இழுத்துக்கொண்டு போகும். நுவேவோ லாரெடோ – லாரெடோ பாலத்தில் தினமும் நடப்பது இதுதான். ஒரே லோடுக்கு மூன்று டிரைவர்கள்! ஏன் இப்படி? விடை பதிவு முறையில் இருக்கிறது.

பூட்டிய கதவு

1982-ல் அமெரிக்கா ஒரு சட்டத்தின் மூலம் வெளிநாட்டு லாரி நிறுவனங்களுக்குப் புதிய அனுமதி தருவதை நிறுத்தியது. கனடாவுக்கு விரைவிலேயே தடை நீங்கியது, மெக்சிகோவுக்கு நீங்கவில்லை. 1994 ஜனவரி 1-ல் வந்த நாஃப்தா ஒப்பந்தம், எல்லை மாநிலங்களை 1995 டிசம்பரிலும், நாடு முழுவதையும் 2000 ஜனவரியிலும் திறப்பதாகச் சொன்னது. ஆனால் பாதுகாப்பைக் காரணம் காட்டி 1995-லேயே அமெரிக்க அரசு அதைத் தள்ளிப் போட்டது. டீம்ஸ்டர்ஸ் என்னும் லாரித் தொழிலாளர் சங்கமும் எதிர்த்தது. பாதுகாப்போடு, தங்கள் ஆட்களின் வேலையும் கூலியும் போய்விடுமே என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. 2001 பிப்ரவரியில் ஒப்பந்த நடுவர் குழு, தடை ஒப்பந்தத்துக்கு முரணானது என்று தீர்ப்புக் கூறியது.

பதிவு எப்படி நடக்கிறது?

அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட பாதுகாப்பு நிபந்தனைகளுடன் சட்டம் வந்தது. 2002-ல் இரண்டு வகைப் பதிவு ஏற்பட்டது. நடத்துவது எஃப்.எம்.சி.எஸ்.ஏ. என்னும் மத்திய அரசின் லாரி, பஸ் பாதுகாப்பு நிர்வாகம்.

1. எல்லை ஊர்களைச் சுற்றியுள்ள வணிக மண்டலத்துக்குள் மட்டும் ஓட்ட 'ஓ.பி.2' விண்ணப்பம். பதிவு எண்ணின் கடைசியில் 'இசட்' எழுத்து இருக்கும்.

2. மண்டலத்தைத் தாண்டி உள்நாட்டுக்குள் போக 'ஓ.பி.1 எம்.எக்ஸ்.' விண்ணப்பம். இதற்கு 'எக்ஸ்' எழுத்து.

இரண்டாவது வகைக்குத்தான் சோதனை அதிகம். அனுமதிக்கு முன்பே அதிகாரிகள் தணிக்கை செய்வார்கள். டிரைவர்களின் லைசென்ஸ், வேலை நேரப் பதிவேடு, மது - போதைப் பரிசோதனை ஏற்பாடு, வண்டிப் பராமரிப்புக் கணக்கு, இன்சூரன்ஸ் எல்லாம் பார்ப்பார்கள். சாதாரண சரக்கு ஏற்றும் வாடகை லாரிக்கு இன்சூரன்ஸ் குறைந்தது 7,50,000 டாலர். முதலில் கிடைப்பது தற்காலிகப் பதிவு. 18 மாதத்துக்குள் மீண்டும் ஆய்வு. பதிவு எண்ணைப் பகலில் 50 அடி தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி வண்டியின் இரு பக்கமும் எழுத வேண்டும். இவ்வளவு செய்தும், அமெரிக்காவுக்குள் ஓர் ஊரில் ஏற்றி இன்னோர் ஊரில் இறக்கும் உள்ளூர் லோடு எடுக்கக் கூடாது.

நம் துறைக்காரர்கள் கவனிக்க வேண்டியது வண்டிச் சோதனை. 37 படிகள் கொண்ட சோதனை அது. ஆய்வாளர் வண்டிக்கு அடியில் படுத்து, ஏர் பிரேக்கின் புஷ்ராடு எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பார். தேறினால் ஒட்டும் ஸ்டிக்கருக்கு ஆயுள் சுமார் மூன்று மாதம்தான்.

இழுபறி

விதிகள் வந்தும் கதவு திறக்கவில்லை. 2004-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தடையை நீக்கியது. 2007-ல் சோதனை ஓட்டம் தொடங்கியது. 2009-ல் நிதியை நிறுத்தி அதை முடித்தார்கள். மெக்சிகோ சும்மா இருக்கவில்லை. சுமார் 240 கோடி டாலர் மதிப்புள்ள அமெரிக்கப் பொருட்களுக்கு வரி போட்டது. லாரிச் சண்டையில் விவசாயிகளும் அடிபட்டார்கள்! 2011 முதல் 2014 வரை இன்னொரு சோதனைத் திட்டம் நடந்தது. அதில் 28,000 தடவைக்கு மேல் லாரிகள் எல்லை கடந்தன; 5,500-க்கு மேல் சோதனைகள் நடந்தன. 2015 ஜனவரியில்தான் நீண்டதூர விண்ணப்பங்கள் பொதுவாக ஏற்கப்பட்டன. நாஃப்தாவுக்குப் பதிலாக 2020 ஜூலை 1-ல் வந்த ஒப்பந்தமோ, உள்நாட்டு லாரித் தொழிலுக்குப் பெரும் பாதிப்பு என்று கண்டால் புதிய நீண்டதூர அனுமதியை மறுக்க அமெரிக்காவுக்கு இடம் தருகிறது.

நாம் கற்பது என்ன?

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டவர், "பிரேக்கைப் பார்க்கறான்னா பார்க்கட்டும்டா, அது டிரைவர் உசுருக்கும் நல்லதுதானே. பிரேக் நல்லா இருந்தும் எந்த ஊரு வண்டின்னு பார்த்து நிறுத்தினாத்தான் வயித்தெரிச்சல்" என்றார். நான் இத்தனை நாள் படித்ததை அவர் ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார்.

பதிவு என்பது பாதுகாப்புக்கும் பயன்படும், வேலியாகவும் பயன்படும். அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் அது பாதுகாப்பு.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் சர்வீஸ் சென்டரிலும் பணிமனையிலும் வேலை பார்க்கப் போகிறோம். சிலர் வாகன ஆய்வாளராகவும் வரலாம். அப்போது 'பிரேக் சரி' என்று கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவையாவது வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்போம். பக்கத்தில் நிற்கும் டிரைவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால், அந்தப் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று வாய்விட்டுச் சொல்வோம். நம் டிப்ளமோவுக்கு அதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தோன்றவில்லை.