சிறகின் பின்விளிம்பு

நுழையும்முன்

பறப்பதற்கு இறக்கை வேண்டும். நினைத்த திசையில் பறப்பதற்கோ அசையும் பரப்புகள் வேண்டும். பால்சா மரத்தாலான மாதிரி விமானத்தில் இப்பரப்புகள் சில விரற்கடை அகலமே உடையவை. அவற்றில் செய்யும் சிறு திருத்தம் விமானத்தின் இயல்பை மாற்றும் விதத்தை இப்பாடம் விளக்குகிறது.

பால்சா, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் வளரும் மரம். எக்குவடோர் நாட்டில் இது பெருமளவு பயிரிடப்படுகிறது. ஒரு கனமீட்டர் நீர் 1000 கிலோகிராம் எடையுள்ளது. அதே கனஅளவுள்ள உலர்ந்த பால்சாவோ பெரும்பாலும் 100 முதல் 200 கிலோகிராம் வரைதான் இருக்கும். கத்தியால் எளிதில் சீவலாம். உப்புத்தாளால் தேய்த்து வேண்டிய வடிவுக்குக் கொண்டுவரலாம். பொம்மைக்கு மட்டும் உரிய மரம் என்று இதனை எண்ணிவிடலாகாது. இரண்டாம் உலகப்போரில் பறந்த மஸ்கிட்டோ விமானத்தின் உடற்பகுதி, மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சாவை வைத்துச் செய்யப்பட்டதாகும்.

மாதிரி விமானத்தின் கிடைவாலில் கீல்கொண்டு பொருத்தப்படும் எலிவேட்டர், மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்கிறது. செங்குத்து வாலில் உள்ள சுக்கான், மூக்கை இடவலமாகத் திருப்புகிறது. இறக்கைகளின் பின்விளிம்பில் உள்ள ஏலரான்களில் ஒன்று மேலெழும்போது மற்றொன்று கீழிறங்கி, விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கிறது. சர்வோ என்னும் சிறு மின்பொறியின் கை, தள்ளுகம்பி வழியாக இவற்றை அசைக்கிறது.

விமானம் ஏவியபடி திரும்பாவிடில், புதிதாகக் கட்டுபவர் முதலில் எண்ணுவது பரப்பைப் பெரிதாக்குவதைத்தான். ஆனால் அவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் கீல். எலிவேட்டர் அசையும்போது ஒரு பக்கத்தில் காற்றழுத்தம் கூடுகிறது, மறுபக்கத்தில் குறைகிறது. இந்த வேறுபாடே திருப்பும் விசையைத் தருகிறது. கீலருகே இடைவெளி இருந்தால், காற்று அதன்வழியே கசிந்து வேறுபாட்டைத் தணித்துவிடும். இடைவெளி நெடுகிலும் மெல்லிய ஒட்டுநாடாவை ஒட்டினால், ஒரு துண்டு மரமும் சேர்க்காமலேயே பரப்பின் திறன் கூடும். நாடா ஒட்டும் பக்கம் நன்கு விரியுமாறு பரப்பை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஒட்டுவது முறை. நேராக வைத்து ஒட்டினால், பின்னர் அது ஒரு பக்கமாக மடங்க மறுக்கும்.

அதன்பின்னும் போதவில்லை என்றால் பரப்பைப் பெரிதாக்கலாம். அதற்கு ஒரு விலை உண்டு. எடைமையத்திலிருந்து 60 செ.மீ. பின்னால் உள்ள வாலில் 5 கிராம் கூடினால், 20 செ.மீ. முன்னால் உள்ள மூக்கில் 15 கிராம் வைத்தால்தான் சமநிலை மீளும். ஐந்து கிராம் திருத்தம் இருபது கிராம் சுமையாக முடிகிறது. ஆகவே, வாலுக்கென எடுக்கும் மரம் இலேசாக இருக்க வேண்டும். முறுக்கத்திற்கு இடங்கொடாமலும் இருக்க வேண்டும். ஒரே மரத்திலிருந்து அறுத்த பலகைகளும் ஒரே தன்மை உடையவையாக இருப்பதில்லை. வளர்வளையங்களுக்குத் தொடுகோடாக அறுக்கப்பட்ட பலகை குறுக்குவாக்கில் எளிதில் வளையும். வளைந்த பகுதிகளைப் போர்த்த அது ஏற்றது. ஆரத்தின் போக்கில் அறுக்கப்பட்ட பலகையின் முகத்தில் செதில்போன்ற புள்ளிகள் மின்னும். அது விறைப்பாக நிற்கும். எலிவேட்டருக்கும் சுக்கானுக்கும் உரியது இதுவே.

விறைப்பை இத்துணை வலியுறுத்துவதற்குக் காரணம், படபடப்பு என்னும் ஆபத்து. விரைவு கூடும்போது ஏலரான் திடீரெனச் சடசடவென அடித்துக்கொள்ளத் தொடங்கும். பல வாரங்கள் உழைத்துக் கட்டிய இறக்கை, சில நொடிகளில் கீலோடு பிய்ந்து போகும். இது நேரும் விதம் நுட்பமானது. ஏலரானின் எடைமையம் கீலுக்குப் பின்னால் இருப்பதாகக் கொள்வோம். ஒரு காற்று வீச்சில் இறக்கை மேல்நோக்கி அசைகிறது. நிலைமம் காரணமாக ஏலரான் பின்தங்கி, இறக்கையை நோக்கக் கீழே தாழ்கிறது. தாழ்ந்த ஏலரான் தூக்குவிசையைக் கூட்டுவதால், இறக்கை இன்னும் மேலே தள்ளப்படுகிறது. வளைந்த இறக்கை மீண்டு கீழிறங்கும்போது இதே செயல் எதிர்த்திசையில் நிகழ்கிறது. ஊஞ்சலை ஏற்ற நேரத்தில் தள்ளிக்கொண்டே இருப்பதைப் போன்றது இது. ஒவ்வோர் அலைவிலும் காற்று தன் ஆற்றலைச் சேர்க்கிறது.

பின்விளிம்பைச் சீவி மெலிவித்தால், எடைமையம் கீலை நோக்கி நகரும். கீலுக்கு முன்னால் சிறு எடையைப் பொருத்தினால், அது கீலின்மீதே அமையவும் கூடும். தள்ளுகம்பியின் தளர்வை நீக்குவது இவையனைத்திலும் எளியது. பலரும் கவனியாது விடுவதும் அதுவே. அசைவு மிகுதியாக இருக்கிறதென்று அனுப்பியில் அளவைக் குறைத்துவிட்டு, கம்பியைச் சர்வோக் கையின் வெளித்துளையிலேயே விட்டுவிடுவோர் உண்டு. அதனால் சர்வோவின் ஆற்றல் முழுமையாகப் பயன்படுவதில்லை. தளர்வும் அப்படியே எஞ்சுகிறது. கம்பியைக் கையின் உட்துளைக்கும், பரப்பில் பதித்த கொம்பின் வெளித்துளைக்கும் மாற்றினால் அசைவு குறையும், பிடி இறுகும்.

பரப்பு இறுகி நின்றாலும் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. வலப்பக்கம் திரும்ப வேண்டி ஏலரானை அசைத்தால், மூக்கு முதலில் இடப்பக்கம் விலகும். இடப்புற ஏலரான் கீழிறங்கித் தூக்குவிசையைக் கூட்டுகையில், காற்றின் இழுவையையும் கூட்டுவதே இதற்குக் காரணம். ரைட் சகோதரர்கள் 1902ஆம் ஆண்டு கிட்டி ஹாக் மணல்மேடுகளில் இதே சிக்கலை எதிர்கொண்டனர். ஏலரானுக்கு மாறாக, அவர்களது மிதவை விமானத்தில் இறக்கையையே முறுக்கும் ஏற்பாடு இருந்தது. விலகலைத் தடுக்க, அசையாத இரட்டைச் செங்குத்து வாலைப் பொருத்தினர். சில வேளைகளில் அதுவே கேடாக முடிந்தது. விமானம் தாழ்ந்த பக்கமாகச் சறுக்கும்போது, பக்கவாட்டுக் காற்று வாலைத் தாக்கி, தாழ்ந்த இறக்கையை மேலும் பின்தள்ளிற்று. விமானம் சுழன்று மணலில் குத்திற்று. வாலை அசையும்படி செய்யலாம் என்றார் இளையவர் ஆர்வில். அதனை இறக்கை முறுக்கும் கம்பிகளுடனேயே இணைத்துவிடலாம் என்றார் மூத்தவர் வில்பர். இரட்டை வால் போய், அசையும் ஒற்றைச் சுக்கான் வந்தது. அந்தத் திருத்தத்திற்குப்பின், அவர்கள் நம்பித் திருப்பக்கூடிய விமானம் கிடைத்தது.

பால்சா விமானத்தில் இதற்கு மேலும் எளிய வழி உண்டு. கீழிறங்கும் ஏலரான் குறைவாகவும், மேலெழும் ஏலரான் மிகுதியாகவும் அசையும்படி அமைத்தால் விலகல் பெரிதும் குறையும். 1931இல் முதன்முதலாகப் பறந்த டைகர் மாத் பயிற்சி விமானத்தில் இவ்வேற்பாட்டைக் காணலாம். அதில் கீழிறங்கும் ஏலரான் மிகச் சிறிதளவே அசையும். மாதிரி விமானத்தில் இரு ஏலரான்களுக்கும் ஒரே சர்வோ இருந்தால், அதன் கையில் இரு கம்பிகளும் கோக்கப்படும் துளைகளை நேர்க்கோட்டில் அமைக்காமல், சற்று முன்பின்னாகச் சாய்த்து அமைத்தால் போதும். கை சுழலும்போது ஒரு கம்பி அதிகத் தொலைவும், மற்றது குறைந்த தொலைவும் நகரும். துளைகள் தவறான பக்கம் சாய்ந்திருந்தால் விளைவு தலைகீழாகும்; விலகல் முன்னிலும் கூடும். ஆகவே, கம்பியை மாற்றியவர் தரையிலேயே இருபுறமும் அசைத்து, மேலெழும் ஏலரான் எத்தனை மில்லிமீட்டர், கீழிறங்குவது எத்தனை மில்லிமீட்டர் என்று அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டே விமானத்தைக் கையிலிருந்து விடுகிறார்.