அயல்நாட்டு அழகுச் செடிக் குச்சிகளும் பூச்சித் தடுப்பும்

2008-ஆம் வருஷத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றிற்று. மெக்ஸிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி முதலிய பயிர்களைப் பெரிதும் நாசம் செய்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவியை வரவழைத்து விட்ட பின்னரே அது அடங்கிற்று. இப்பூச்சி செம்பருத்தி போன்ற அழகுச் செடிகளிலும் பெருகும். ஆதலின் தோட்டத்து அலங்காரத்துக்கென வரும் குச்சியும் வயலுக்குக் கேடு விளைவிக்கக் கூடும்.

பூச்சி மறைந்திருக்கும் இடம்

மாவுப்பூச்சியும் செதிற்பூச்சியும் இலைக்காம்பின் இடுக்கிலும் மொட்டின் அடியிலும் ஒட்டியிருக்கும். அவற்றின் மெழுகுப் போர்வையில் மருந்துநீர் எளிதில் படியாது. இலைப்பேன்களிற் பல, முட்டையை இலையின் சதைக்குள்ளேயே இடும். எனவே, கண்ணுக்குச் சுத்தமாகத் தோன்றுவது நோயற்றதற்கு அத்தாட்சியாகாது.

பரிகார முறைகள்

1. வெந்நீர்: ஹவாயித் தீவுகளில் சிவப்பு இஞ்சிப் பூக்களை 49 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் சுமார் 12 நிமிஷம் அமிழ்த்தி, இடுக்கிலுள்ள பூச்சிகளைக் கொல்லும் முறை கண்டறியப்பட்டது. சூடு குறைந்தால் பூச்சி பிழைக்கும். மிஞ்சினால் செடி வெந்துபோகும். எல்லாச் செடிகளும் இதைத் தாங்கமாட்டா. முதலிற் சில குச்சிகளில் சோதித்தறிதல் வேண்டும்.

2. முழுக்கு: பூச்சிக்கொல்லிச் சோப்புக் கரைசலிலோ தாது எண்ணெய்க் குழம்பிலோ குச்சி முழுவதும் நனையுமாறு தோய்த்தெடுப்பது. இது மேலே படும் பூச்சிகளையே கொல்லும்; சதைக்குள் இருக்கும் முட்டை தப்பிவிடும்.

3. புகையூட்டல்: மீதைல் புரோமைடு வாயு இடுக்குகளிலும் புகும். 1987-ஆம் வருஷத்து மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி இதன் பொது உபயோகம் குறைக்கப்பட்டபோதிலும், தொற்றுத் தடுப்புக்கு விலக்கு உண்டு. இது கொடிய விஷம், இளங்குச்சிகளையும் கருக்கும். அனுமதி பெற்ற நிபுணரன்றி வேறெவரும் இதைக் கையாளலாகாது.

செய்ய வேண்டுவன

பரிகாரம் ஒன்றினால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. 1914-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் 2003-ல் பிறந்த உத்தரவின்படி, இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர ஆரோக்கியச் சான்றும் வேண்டும். பயணப் பெட்டிக்குள் மறைத்துக் குச்சி கொணர்தல் பெருந்தவறு.

முறைப்படி வந்த செடியையும் ஒரு மாதமேனும் வயலுக்குத் தொலைவில் தனியே வைத்து, இலையின் அடிப்புறத்தை வாரந்தோறும் பார்க்க வேண்டும். எறும்பு சாரைசாரையாக ஏறுமாயின் மாவுப்பூச்சியைத் தேடுக. வந்த கட்டின் பாசியையும் காகிதத்தையும் எரித்துவிடுக. புதிய பூச்சி எதையேனும் கண்டால், கிராம அதிகாரிகள் தாமதமின்றி இலாகாவுக்கு அறிவிப்பார்களாக. ஒரு செடியை எரிப்பது சிறு நஷ்டமே. ஊர்ப்பயிரை இழப்பதோ ஈடுசெய்ய இயலாதது.