சிறுவாடும் ஐம்பத்திரண்டு கட்டங்களும்

சேமிப்பு என்பது நம் வீடுகளுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய பொருளன்று. உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடும் வழக்கமும், அஞ்சறைப் பெட்டியில் சிறுவாடு சேர்க்கும் வழக்கமும் நம் தாய்மார்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைவந்தவை. 1904-ஆம் ஆண்டில் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டபோது, உழவர், கைவினைஞர், குறைந்த வருவாயுடையோர் ஆகியோரிடையே சிக்கனத்தையும் தன்னுதவியையும் கூட்டுறவையும் வளர்ப்பதே நோக்கம் என்று அதன் முகப்பிலேயே கூறப்பட்டது. கடன் என்னும் சொல் அச்சட்டத்தின் பெயரில் இருந்தது. நோக்கத்திலோ சிக்கனமே முதலில் நின்றது.

எனினும், சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும்பொழுது நாம் அடிக்கடி காணும் நிலை ஒன்றுண்டு. ஆண்டின் தொடக்கத்தில் ஊக்கத்துடன் திறந்த தொடர் வைப்புக் கணக்குகள் பல, ஆடி பிறப்பதற்குள் நின்றுவிடுகின்றன. அங்கத்தினரைக் கேட்டால், "ஒரு வாரக் கூலி போல் மறு வாரக் கூலி இல்லை, ஐயா" என்பதே விடை. அவ்விடையில் உண்மை இருக்கிறது. பழங்காநத்தத்தில் மாதச் சம்பளம் வாங்குவோருக்கு ஏற்ற முறை, நிலையூர்க் கைத்தறி நகரின் தறிக்கும் வலையங்குளத்து மல்லிகைத் தோட்டத்திற்கும் அப்படியே பொருந்தாது. ஆகவே, வரவுக்கேற்ப வளைந்துகொடுக்கும் எளிய முறையொன்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. முறையும் அதன் குறையும்

ஓராண்டுக்கு 52 வாரங்கள். முதல் வாரம் 10 ரூபாய், இரண்டாம் வாரம் 20 ரூபாய், மூன்றாம் வாரம் 30 ரூபாய் என வாரந்தோறும் பத்துப் பத்தாக உயர்த்திச் சென்றால், கடைசி வாரம் 520 ரூபாய் போட வேண்டும். ஆண்டு முடிவில் சேர்வது 13,780 ரூபாய். பல நாடுகளில் குடும்பங்கள் இதனை ஒரு பந்தயம் போல் நடத்தி வருகின்றன.

ஆனால் சுமை எங்கே விழுகிறது என்று பாருங்கள். முதல் நான்கு வாரங்களில் 100 ரூபாய்தான் ஆகிறது. கடைசிப் பதின்மூன்று வாரங்களிலோ 5,980 ரூபாய் போட வேண்டும். ஜனவரியில் தொடங்கினால் அப்பெருஞ்சுமை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதாவது மழையும் பனியுமான காலத்தில் வந்து சேரும். அப்பொழுது குழித்தறியில் ஈரம் ஊறும். பாவு உலர வெயில் இராது. மல்லிகையும் பனி தொடங்கியதும் அரும்பு குறைந்துவிடும். சந்தையில் விலை ஏறினும் கொய்வதற்குப் பூ இராது. வரவு மெலியும் நாளில் செலுத்த வேண்டியது பெருகினால், எத்துணை உறுதியுள்ளவரும் தளர்ந்து போவர்.

2. நமக்கேற்ற திருத்தம்

ஒரு தாளில் 52 கட்டங்கள் வரைந்து, அவற்றில் 10 முதல் 520 வரை எழுதிக்கொள்க. இனி வரிசையைப் பற்றிக் கவலை வேண்டா. வாரம் ஒரு கட்டம். அது எந்தக் கட்டமாயினும் ஆகுக. அவ்வாரத்து வரவு இடங்கொடுக்கும் தொகையைப் போட்டு, அக்கட்டத்தை அடித்துவிட வேண்டும். எல்லாக் கட்டங்களையும் அடித்து முடித்தால் அதே 13,780 ரூபாய் சேர்ந்திருக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. எளிதென்று சிறு கட்டங்களையே முதலில் அடித்துத் தீர்த்தால் பழைய குறையே திரும்பி வரும். ஆகவே பங்குனி முதல் பூ மிகுதியாக வரும் வாரங்களிலும், முடித்த துணிக்குக் கூலி கைக்கு வரும் வாரங்களிலும் மேல்வரிசைப் பெரிய கட்டங்களையே அடிக்க வேண்டும். சிறு கட்டங்களை மழைக்காலத்திற்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். விதை நெல்லைக் காப்பது போல் அவற்றைக் காக்க வேண்டும்.

பத்து ரூபாய்ப் படி மிகுதியெனத் தோன்றினால் ஐந்து ரூபாய்ப் படியாக வைத்துக்கொள்ளலாம்; 6,890 ரூபாய் சேரும். ஒரு ரூபாய்ப் படியாயினும் 1,378 ரூபாய் ஆகும்.

3. இத்தொகை எதற்கு?

பத்து வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கியவர் மாதம் 1,000 ரூபாய் வட்டி கட்டுகிறார். ஓராண்டில் 12,000 ரூபாய் கட்டிய பின்னும் முதல் அப்படியே நிற்கிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆயினும் நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டவர் சட்டத்தைத் தேடிச் செல்வதில்லை. கையில் பணம் வைத்திருப்பவரைத் தேடியே செல்கிறார். கட்டங்களை நிறைவு செய்த வீட்டில் அந்த 10,000 ரூபாய் இருக்கும். மேலும் 3,780 ரூபாய் மிஞ்சும். இம்முறையின் பயன் முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கியுள்ளது.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து, அரசும் தன் பங்கைச் சேர்க்கும் சேமிப்புத் திட்டம் உண்டு. அது நெடுங்காலத் தேவைக்கானது. கட்டச் சேமிப்போ இவ்வாண்டின் இடருக்கானது. ஒன்றுக்காக மற்றொன்றை விடலாகாது.

4. பானையிலிருந்து கணக்கிற்கு

வாரந்தோறும் பணத்தை உண்டியலில் போடலாம். மாதந்தோறும் அதனை வெளியே எடுத்தாக வேண்டும். வீட்டிலிருக்கும் பணம் விருந்தினருக்கும் திருவிழாவுக்கும் எளிதில் கரையும். 2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டபோது, கணவருக்கும் தெரியாமல் சிறுவாடு வைத்திருந்த பெண்கள் பட்ட பாட்டை நாம் மறத்தலாகாது. பணம் கட்டியவுடன் ரசீது பெறுக. கணக்குப் புத்தகத்தில் தொகையைப் பதியச் செய்து சரிபார்க்க. மத்தியக் கூட்டுறவு வங்கியில் உள்ள வைப்புக்கு, ஒருவருக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தொடக்கச் சங்கத்தின் வைப்புக்கு அக்காப்பீடு இல்லை. ஆதலின் சங்கத்தில் வைப்பு வைத்தவர், பொதுக்குழுவுக்குச் சென்று தணிக்கை அறிக்கையைக் கேட்டறிவதும் கடமையாகும்.

5. தனியே அன்று, கூடியே

நம் மாவட்டமே இதற்குச் சான்று. 1990-இல் இங்குத் தொடங்கிய களஞ்சியம் இயக்கத்தில் கிராமப் பெண்கள் கூடிச் சிறு தொகைகளைச் சேமித்துத் தமக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொண்டனர். எழுத்தறியாத விவசாயக் கூலித் தொழிலாளியான சின்னப்பிள்ளை அம்மையார் அவ்வியக்கத்தின் தலைவியாக உயர்ந்தார். 2001-இல் டில்லியில் அவருக்கு விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய், அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ விருதும் அவரை அடைந்தது. அப்பெண்கள் போட்ட தொகை சிறிது. குறித்த நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் போட்டதே அதன் வலிமை.

ஆகவே அங்கத்தினர்களே, ஒரு தெருவில் ஐந்து வீட்டார் சேர்ந்து தொடங்குங்கள். மாதம் ஒரு நாள் தாள்களை ஒருங்கே வைத்துப் பார்த்து, அன்றே சங்கத்தில் கட்டுங்கள். கட்டம் அடிக்காத வீட்டாரை இகழாமல், ஒரு சிறு கட்டத்தையேனும் அடிக்கத் துணை நில்லுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் வீட்டில் வரவு மிகுந்த வாரங்கள் எவை? மெலிந்த வாரங்கள் எவை?
2. உங்களுக்கு ஏற்றது ஒரு ரூபாய்ப் படியா, ஐந்து ரூபாய்ப் படியா, பத்து ரூபாய்ப் படியா?
3. சென்ற ஆண்டில் நீங்கள் கட்டிய வட்டி எவ்வளவு? அது எத்தனை கட்டங்களை நிரப்பியிருக்கும்?

மூன்றாம் வினாவுக்கு விடையைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.