பாறையைப் பிடித்த நத்தை

வைட்ஃபீல்டில் கடல் இல்லை. ஆனாலும் அங்கே ஒரு வீட்டில் இரண்டு கடல் ஓடுகள் இருக்கின்றன. அந்த வீட்டு அம்மா கன்னியாகுமரியில் இருந்து பிழைக்க வந்தவர். ஊருக்குப் போனபோது அவற்றை எடுத்து வந்தார்.

மகள் ஓடுகளைக் கையில் எடுத்தாள். ஒன்று கூம்பு போல உயரம். மற்றொன்று சப்பை.

"அம்மா, ரெண்டும் ஒரே நத்தையா?" என்று கேட்டாள்.

"ஒரே நத்தைதான் மக்களே. இது மேல் பாறையில ஒட்டிக் கிடக்கும். அது கீழே, அலை அடிக்கிற இடத்துல கிடக்கும்" என்றார் அம்மா.

அம்மா சொன்னது சரி. இந்த நத்தைக்கு லிம்பெட் என்று பெயர். இது பாறையை இறுகப் பிடித்து வாழும். பாறையில் படரும் பாசியைத் தின்னும். மேல் பாறையில் வெயில் அதிகம். உயரமான ஓட்டுக்குள் அதிக நீர் தங்கும். உடல் சீக்கிரம் காயாது. கீழே அலை மோதும். சப்பையான ஓட்டை அலை எளிதில் பெயர்க்காது. விசாகப்பட்டினம் கடற்கரையில் இந்த ஓடுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆய்வு 1971-ல் வெளிவந்தது.

அப்படியானால், ஓட்டைப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடலாமா? முடியாது. உடலுக்குள் மரபணு இருக்கிறது. அது தாய் தந்தையிடம் இருந்து பிள்ளைக்கு வருவது. கண்ணுக்குத் தெரியாது.

பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுகள் உள்ளன. அங்கே லிம்பெட்டை 'ஒபிஹி' என்பார்கள். விரும்பி உண்பார்கள். அதை எடுக்கப் போய், அலையில் சிக்கி உயிர் விட்டவர்களும் உண்டு.

ஒபிஹியில் மூன்று வகை. மூன்றின் மரபணுவையும் ஆராய்ந்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். அதில் ஒரு வகையின் பெயர் 'கோஎலே'. காவாய் தீவில் இருக்கும் கோஎலே, மற்ற தீவுகளில் இருப்பதில் இருந்து மரபணுவில் மிகவும் வேறுபட்டு இருந்தது.

ஏன்? நத்தைக் குஞ்சுகள் சில நாட்கள்தான் கடலில் மிதக்கும். பிறகு பாறையில் ஒட்டிவிடும். காவாய்க்கும் அடுத்த பெரிய தீவுக்கும் நடுவே சுமார் 116 கிலோமீட்டர் கடல். அதைத் தாண்டி வரும் கோஎலேக் குஞ்சுகள் மிகக் குறைவு. பல தலைமுறைகள் இப்படியே கழிந்தன. இரண்டும் தனித்தனி ஆயின.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. காவாயில் உள்ள கோஎலேயை எல்லாம் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பக்கத்துத் தீவில் இருந்து வந்து நிரம்பாது. அந்தத் தீவின் விதை அந்தத் தீவில்தான் இருக்கிறது. விதை நெல்லைத் தின்றால் விதைப்பது எதை?

ஹவாயில் ஒரு சட்டம் உண்டு. ஓடு ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் எடுக்கக் கூடாது. சிறியது வளர வேண்டும். குஞ்சு பொரிக்க வேண்டும்.

மகள் ஓடுகளைத் தகர டப்பாவில் வைத்தாள்.

"அடுத்த தடவை உசிரோட இருக்கிறதைப் பார்க்கணும்மா."

"பார்க்கலாம் மக்களே. பிடுங்காமப் பார்க்கணும்" என்றார் அம்மா.

யோசித்துப் பாருங்கள்

1. மேல் பாறை நத்தையின் ஓடு ஏன் உயரமாக இருக்கிறது?
2. காவாய் கோஎலே எப்படித் தனியாக ஆனது?
3. உங்கள் ஊரில் குறைந்துபோன மீன், நண்டு, செடி எவை? பெயர்களை எழுதுங்கள்.