இருபத்து நான்கால் வகுக்க முடியாதவை

ஒரு காரை இருபத்து நான்கால் வகுத்தால் என்ன கிடைக்கும்? வேடிக்கையான கேள்வியாகத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் பிளாஸ்டிக் மாதிரிக் கார்களைக் கட்டி வண்ணம் பூசுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் செய்வது இந்த வகுத்தலைத்தான். உதிரிப் பாகங்கள் வரும் பெட்டியின் மேல் 1/24 என்று அச்சிட்டிருப்பார்கள். உண்மைக் காரின் 24 மி.மீ. மாதிரியில் 1 மி.மீ. ஆகும் என்பது அதன் பொருள். கணக்கு எளிது. எனினும் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கண்டுகொள்வார்: காரில் உள்ள எல்லாமே 24-ஆல் வகுபடுவதில்லை. சில சுருங்க மறுக்கின்றன. அவை எவை, ஏன் மறுக்கின்றன என்று பார்ப்போம்.

1959-இல் பிரிட்டனில் வெளிவந்த மினி காரை எடுத்துக்கொள்வோம். அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியாளர் வடிவமைத்த இது, எஞ்சினைக் குறுக்கே கிடத்தி இடத்தை மிச்சப்படுத்திய புகழ்பெற்ற வண்டி. நீளம் ஏறத்தாழப் பத்து அடி, அதாவது 3.05 மீட்டர். பத்து அடி என்பது நம் கணக்கிற்கு வசதி. ஏனெனில் 1/24 என்ற அளவே அடி அங்குலக் கணக்கில் பிறந்தது. ஓர் அடிக்கு அரை அங்குலம். ஆகவே மாதிரி மினியின் நீளம் 5 அங்குலம், 12.7 செ.மீ. உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம். டயர் மாட்டும் வட்டின் விட்டம் உண்மையில் 10 அங்குலம், மாதிரியில் 10.6 மி.மீ. ஒரு சட்டைப் பொத்தானின் அளவு!

எடை செய்யும் மாயம்

எடையையும் 24-ஆல் வகுக்கலாமா? கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 24 மடங்கு குறைவதால் கன அளவு 24 × 24 × 24, அதாவது 13,824 மடங்கு குறைகிறது. மினியின் எடை சுமார் 600 கிலோ என்று கொண்டால், அதே பொருள்களால் அணு அணுவாகச் செய்த மாதிரியின் எடை 43 கிராம்தான் இருக்கும். ஆனால் பரப்போ 24 × 24, அதாவது 576 மடங்கு மட்டுமே குறைகிறது. ஒரு பொருள் எவ்வளவு சுமை தாங்கும் என்பது அதன் குறுக்கு வெட்டுப் பரப்பைப் பொறுத்தது. ஆகவே சிறியது தன் எடையைப் பொறுத்தவரை பெரியதைவிட வலிமையானது. கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கியிருக்கிறார்.

முக்கால் மீட்டர் உயர மேசையிலிருந்து மாதிரிக் கார் தவறி விழுந்தால் பக்கக் கண்ணாடி ஒன்று ஒடியலாம், ஒட்டிக்கொள்ளலாம். அதே விகிதத்தில் உண்மைக் கார் 18 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

டயரிலும் இந்த வேறுபாடு தெரியும். உண்மை மினியின் ஒவ்வொரு டயரும் சுமார் 150 கிலோ சுமக்கிறது. உள்ளே காற்றழுத்தம் சதுர செ.மீட்டருக்கு 1.7 கிலோ எனில், அந்தச் சுமையைத் தாங்க 88 சதுர செ.மீ. பரப்பு தரையில் பதியவேண்டும். அதாவது டயரின் அடிப்பாகம் உள்ளங்கை அகலத்திற்குத் தட்டையாகிறது. மாதிரியில் அது 4 மி.மீ. நீளத் தட்டையாகத் தெரியவேண்டும். ஆனால் ஒரு சக்கரத்தின் மேல் 11 கிராம் எடையே இருக்கும்போது டயர் ஏன் அமுங்கும்? அது முழு வட்டமாகவே நின்று, தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. ஆனாலும் “இது பொம்மை” என்று அவர் கண் சொல்லிவிடும். ஆதலால் அனுபவமுள்ளவர்கள் டயரின் அடியை உப்புத்தாளில் சற்றே தேய்த்துத் தட்டையாக்குகிறார்கள். இல்லாத எடையை இருப்பதாகக் காட்டும் தந்திரம் இது.

தகடும் அச்சும்

உண்மைக் காரின் உடல் சுமார் 0.9 மி.மீ. தடிப்புள்ள எஃகுத் தகடு. 24-ஆல் வகுத்தால் 0.04 மி.மீ. வரும், தலைமயிரைவிட மெல்லியது. அவ்வளவு மெல்லிய பிளாஸ்டிக்கை வார்க்கவும் முடியாது, வார்த்தாலும் கையில் எடுக்க முடியாது. எனவே மாதிரியின் உடல் ஒரு மி.மீட்டருக்கும் மேல் தடிப்பாக இருக்கிறது. பெரிதாக்கினால் அது ஓர் அங்குலத் தடிப்புள்ள சுவர்! சன்னல் விளிம்புகளிலும் சக்கர வளைவுகளிலும் இந்தத் தடிப்பு வெளியே தெரியும். அங்கு மட்டும் உட்புறமாகச் சுரண்டி விளிம்பைக் கூராக்கினால் போதும். விளிம்பு மெலிந்தால் தகடு முழுவதும் மெல்லியது என்று கண் நம்பிவிடுகிறது.

பாகங்களை எவ்வாறு செய்கிறார்கள்? பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, எஃகு அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். குளிர்ந்ததும் அச்சின் இரு பாதிகளும் பிரிகின்றன. உருகிய பிளாஸ்டிக் ஓடிய வாய்க்கால்கள் இறுகி, பாகங்களைத் தாங்கும் சட்டமாக நிற்கின்றன. குளிரும்போது பிளாஸ்டிக் சுருங்குவதால் தடிப்பான இடங்களில் சிறு குழிகள் விழுவதுண்டு. அவற்றை மக்கு வைத்து நிரப்பித் தேய்க்கவேண்டும்.

பிரிட்டனில் 1936-இல் ‘பிராக் பெங்குவின்’ என்ற பெயரில் வெளிவந்த விமானப் பெட்டிகளே முதல் பிளாஸ்டிக் மாதிரிகள் எனப்படுகின்றன. அவை செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆனவை, நாளாவட்டத்தில் கோணிக்கொண்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாலிஸ்டைரீன் அந்த இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் 1948-இல் தோன்றிய ஏ.எம்.டி. நிறுவனம், புதிய கார்களின் சிறு உருவங்களைக் கார் விற்பவர்களுக்கு விளம்பரப் பொருளாகச் செய்து கொடுத்தது. அதே அச்சுக் கலை பின்னர் சிறுவர்கள் தாங்களே கட்டும் பெட்டிகளாக மாறியது. அங்கு 1/25 என்ற அளவு நிலைத்துவிட்டது. ஜப்பானில் 1/24.

ஒட்டுவதா, கலப்பதா?

பாலிஸ்டைரீன் என்பது ஆயிரக்கணக்கான ஸ்டைரீன் அலகுகள் ஒன்றோடொன்று கைகோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறு. இத்தகைய நெடுஞ்சங்கிலிகள் உண்டு என்று ஜெர்மானிய வேதியியலார் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-இல் கூறியபோது பலர் நம்பவில்லை. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வேகவைத்த சேமியாவை ஒரு பாத்திரத்தில் கொட்டி ஆறவிட்டது போல, இச்சங்கிலிகள் பின்னிக் கிடக்கின்றன.

மாதிரிக் காருக்கான ‘சிமெண்ட்’ பெயரில்தான் பசை. உண்மையில் அது கரைப்பான். பியூட்டைல் அசிட்டேட், அசிட்டோன் போன்ற நீர்மங்கள் அதில் உள்ளன. இரு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தூரிகை நுனியால் இணைப்பில் ஒரு துளி வையுங்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, நீர்மம் இடுக்கு முழுதும் தானே ஓடிவிடும். அங்கு இரு பக்கச் சங்கிலிகளையும் அது இளக்குகிறது. இளகிய சங்கிலிகள் எல்லை தாண்டி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பின்னர் கரைப்பான் ஆவியாகிப் போய்விடுகிறது. இப்போது அங்கு இரண்டு பாகங்கள் இல்லை, ஒரே பாகம்தான். இரும்பைப் பற்றவைப்பதற்கு ஒப்பானது இது.

இதை அறிந்தால் தொடக்கக்காரர்களின் பல தொல்லைகளுக்குக் காரணம் விளங்கும். வண்ணம் பூசிய பரப்பில் ஏன் ஒட்டுவதில்லை? கரைப்பான் சந்திப்பது பெயிண்டை, பாலிஸ்டைரீனை அன்று. பளபளக்கும் பம்பர்களின் மேல் வெற்றிடத்தில் ஆவியாக்கிய அலுமினியம் படிந்திருக்கிறது. அதையும் ஒட்டும் இடத்தில் சுரண்டவேண்டும். சன்னல் கண்ணாடியாக வரும் ஒளிபுகும் பாகமும் பாலிஸ்டைரீனே. கரைப்பான் பட்டால் அது பனி படர்ந்தது போல் மங்கி, மீளாது. அதற்கு மட்டும் காகிதம், மரம் ஒட்டும் வெள்ளைப் பசையே உகந்தது.

இந்த ஆவிகள் உடலுக்குத் தீங்கு செய்வன; எளிதில் தீப்பிடிப்பன. சன்னலைத் திறந்து வையுங்கள். அருகில் அடுப்போ விளக்கோ இருக்கக்கூடாது. தலை கனப்பது போலிருந்தால் உடனே எழுந்து வெளியே வந்துவிடுங்கள். இதில் வீரம் காட்ட ஒன்றும் இல்லை.

சங்கிலி இளகுவதற்குக் கரைப்பான் புட்டிதான் வேண்டும் என்பதில்லை. பழைய பெட்டிகள் சிலவற்றைப் பல ஆண்டுகள் கழித்துத் திறந்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டிருக்கிறார்கள். டயர் படிந்திருந்த இடத்தில் காரின் உடல் உருகி, டயரின் வரிப்பள்ளங்கள் அதில் பதிந்திருக்கும்! அந்த டயர்கள் ரப்பர் அல்ல, பி.வி.சி. பிளாஸ்டிக். பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதை வளையச் செய்வதற்காக எண்ணெய் போன்ற இளக்கி ஒன்றைக் கலக்கிறார்கள். இந்த இளக்கி வேதிப்பிணைப்பால் கட்டுண்டிருப்பதில்லை. மெல்ல மெல்ல டயரிலிருந்து நகர்ந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனுக்குள் குடியேறி அதையும் இளக்கிவிடுகிறது. கட்டி முடித்து அலமாரியில் வைத்த காரிலும் இது சத்தமின்றி நடக்கலாம். ஆதலால் இத்தகைய டயர்களைப் பெட்டியில் தனியே மடித்து வைப்பதும், மாட்டும்போது டயருக்கும் வட்டுக்கும் இடையே அலுமினியத் தாள் பட்டை ஒன்றைச் சுற்றுவதும் நல்லது.

வண்ணத்தின் பிடிவாதம்

எல்லாவற்றிலும் மிகப் பிடிவாதமானது பெயிண்ட்தான். உண்மைக் காரின் மேல் உள்ள பூச்சுகள் எல்லாம் சேர்ந்து சுமார் 0.1 மி.மீ. தடிப்பு. 24-ஆல் வகுத்தால் 0.004 மி.மீ. நாம் தூரிகையால் பூசும் பூச்சு எளிதில் 0.04 மி.மீ. ஆகிவிடும், பத்து மடங்கு மிகை. உண்மைக் காரின் மேல் ஒரு மி.மீ. தடிப்பாகப் பெயிண்டை அப்பியதற்குச் சமம். கதவின் இடைவெளி உண்மையில் 5 மி.மீ. என்றால் மாதிரியில் 0.2 மி.மீ.தான். நீர்மம் இடுக்கைத் தேடி ஓடும் என்று மேலே கண்டோமே, அதே இயல்பால் பெயிண்டும் இந்தப் பள்ளத்தில் சென்று தேங்குகிறது. இரண்டு பூச்சில் கதவு காணாமற்போய்விடும்! ஆகவே பூசுவதற்கு முன்பே ஊசி முனையால் கோடுகளை ஆழமாக்கிக்கொள்கிறார்கள். நீர்த்த பெயிண்டை, தூவும் கருவியால் மெல்லிய படலங்களாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாகப் பூசுகிறார்கள். பொறுமை இல்லாதவர்கள் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

மின்னும் வண்ணங்களில் வேறு சிக்கல். அவற்றில் உள்ள அலுமினியச் செதில்கள் 0.02 அல்லது 0.03 மி.மீ. அளவுள்ளவை. உண்மைக் காருக்கு அவை தூசு. மாதிரியின் கணக்கில் அரை மி.மீட்டருக்கும் மேல், சர்க்கரையைத் தூவியது போல் தெரியும். மிக நுண்ணிய செதில் உள்ள பெயிண்டைத் தேடவேண்டும்.

மாதிரி சிறியதாகையால் வண்ணத்தையும் சற்று வெளிறச் செய்யவேண்டும், தொலைவிலுள்ள பொருள் காற்றினால் மங்கித் தெரிவதே காரணம் என்று கூறுவோர் உண்டு. எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. மாதிரிக் காரை அரை மீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்கிறோம். அது உண்மைக் காரை 12 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். பன்னிரண்டு மீட்டருக்குள் காற்று எந்த நிறத்தை மங்கச் செய்கிறது? 1/700 அளவுக் கப்பலுக்கு இந்தக் கணக்கில் 350 மீட்டர் வரும். அங்கு அந்த வாதத்தில் பொருளுண்டு.

பெயிண்டிலும் கரைப்பான் உண்டு என்பதை மறவாதீர்கள். உண்மைக் கார்களுக்கென விற்கும் லாக்கர் வகைகள் சிலவற்றின் கரைப்பான் வலிமையானது. பாலிஸ்டைரீனின் மேல் நேரே பட்டால் பரப்பு எங்கும் நுண்ணிய வெடிப்புகள் ஓடும். பல வாரம் உழைத்துக் கட்டிய உடல் ஒரு நொடியில் பாழாகும். பெட்டிக்குள் மிஞ்சியிருக்கும் சட்டத்தில் ஒரு துண்டின் மேல் முதலில் பூசிப் பாருங்கள். அதே பிளாஸ்டிக்தான் அது; உண்மையைச் சொல்லிவிடும். அடைமழை நாளில் லாக்கரைத் தூவவும் வேண்டா. கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. கறுப்புக் கார் சாம்பல் பூத்துவிடும்.

மிஞ்சிய சட்டத்திற்கு இன்னொரு பயனும் உண்டு. வானொலிக் கம்பி உண்மையில் 5 மி.மீ. தடிப்பு என்றால் மாதிரிக்கு 0.2 மி.மீ. வேண்டும். பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, 3 மி.மீ. தடிப்புள்ள சட்டத்துண்டை மெழுகுவத்திச் சுடரில் படாமல், அதன் மேலே சற்று உயரத்தில் பிடித்துச் சுழற்றுங்கள். 100 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் அது துவளும். உடனே வெளியே எடுத்து, இரு கைகளாலும் சீராக இழுங்கள். கன அளவு மாறாதாகையால், தடிப்பு பத்தில் ஒன்றாகக் குறைந்தால் நீளம் நூறு மடங்காகும், ஒரு செ.மீ. துண்டு ஒரு மீட்டர் இழையாகும்! வேண்டிய துண்டை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

எஞ்சிய இழையை எறிந்துவிடாதீர்கள். அதன் ஒரு துண்டை, இப்போதுதான் ஊதி அணைத்த தீக்குச்சியின் சூட்டிற்கு அருகில் கொண்டு செல்லுங்கள். இழை சட்டென்று சுருண்டு, குறுகித் தடிக்கும். இழுத்தபோது நேராக நின்ற சங்கிலிகள் குளிர்ந்ததால் அப்படியே உறைந்துவிட்டன. சூடு கிடைத்ததும் அவை பழையபடி சுருண்டு பின்னிக்கொள்கின்றன.