ஆப்பிரிக்க வண்ணத்துப்பூச்சி மீன்: பெங்களூரு இல்லங்களில் வளர்ப்பும் இனப்பெருக்கமும்

மீன் என்றதும் நீருக்குள் ஆழ்ந்து நீந்தும் உயிரே பொதுவாக நம் நினைவுக்கு வரும். ஆனால் தன் வாழ்நாள் முழுவதையும் நீர்ப்பரப்பை ஒட்டியே கழித்து, மேலிருந்து விழும் பூச்சிகளை உண்டு வாழும் மீனும் உண்டு. அதுவே ஆப்பிரிக்க வண்ணத்துப்பூச்சி மீன். பவளப்பாறைகளிடையே காணப்படும் கடல் வண்ணத்துப்பூச்சி மீன்களுக்கும் இதற்கும் பெயரளவில் அன்றி வேறு தொடர்பு இல்லை.

ஜெர்மானிய விலங்கியலறிஞரான பீட்டர்ஸ் 1876-ஆம் ஆண்டில் இதனை விவரித்து, ரைன்ஹோல்ட் புக்ஹோல்ஸ் என்பாரை நினைவுகூரும் வகையில் பாண்டோடான் புக்ஹோல்சி எனப் பெயரிட்டார். பாண்டோடான் என்பதற்கு 'எங்கும் பல்' என்பது பொருள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் நைஜர், காங்கோ முதலிய ஆறுகளைச் சார்ந்த அமைதியான நீர்நிலைகளே இதன் தாயகம். இதன் குடும்பத்தில் இன்று எஞ்சியிருப்பது இவ்வினம் ஒன்றே. நம் நாட்டுச் சொட்டைவாளை மீன் இதற்குத் தூரத்து உறவாகும். நைஜர், காங்கோ ஆறுகளில் வாழும் இம்மீன்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், அவ்விரு கிளைகளும் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன என்பதை மரபணு ஆராய்ச்சி காட்டியுள்ளது.

உடலமைப்பு

இம்மீன் ஏறத்தாழ 12 செ.மீ. நீளம் வரை வளரும். முதுகு தட்டையானது, வாய் மேல்நோக்கி அமைந்தது. விரிந்த மார்புத் துடுப்புகளை மேலிருந்து காணுங்கால் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் தோற்றம் புலப்படும். இடுப்புத் துடுப்புகளிலிருந்து நீண்ட நூல் போன்ற கதிர்கள் கீழே தொங்கும். அச்சமுற்றாலும் இரையைக் கண்டாலும் இது நீரைவிட்டு மேலே துள்ளும். எனினும் இது பறவையைப் போல் பறப்பதன்று. உந்தி எழுந்து விழும் தாவலேயாகும். இதன் காற்றுப்பை நுரையீரலைப் போலவும் பயன்படுகின்றது. எனவே, பிராணவாயு குறைந்த நீரிலும் மேலுள்ள காற்றைச் சுவாசித்து இம்மீனால் உயிர்வாழ இயலும்.

தொட்டி அமைப்பு

இம்மீனுக்கு ஆழத்தைக் காட்டிலும் பரப்பே முக்கியம். 100 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 20 செ.மீ. உயரத்திற்கு நீர் நிரப்பினால் அது 80 லிட்டராகும். ஓர் இணைக்கு இது போதுமானது. நீர்மட்டத்திற்கும் மூடிக்கும் இடையே 10 செ.மீ. அளவேனும் இடைவெளி விடுதல் நன்று. மூடியில் சிறு சந்தும் இருத்தலாகாது. திறந்த தொட்டியிலிருந்து துள்ளி விழுந்து, காலையில் தரையில் காய்ந்து கிடப்பதே இம்மீனுக்குப் பெரும்பாலும் நேரும் முடிவாகும்.

வடிகட்டியினின்று வரும் நீரோட்டம் மெதுவாக இருத்தல் வேண்டும். நீர்ப்பரப்பின் ஒரு பகுதியில் ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் செடிகளை விட்டு, எஞ்சிய பகுதியை இரை தேடுவதற்கு வெறுமையாக விடலாம். துடுப்பைக் கடிக்கும் இயல்புடைய புலிக் கெண்டைகளை உடன் வைத்தல் தவறு. தொங்கும் கதிர்களை அவை சிதைத்துவிடும். கப்பி போன்ற சிறு மீன்களோ இதற்கே இரையாகிவிடும். அடித்தளத்தில் வாழும் சாதுவான மீன்களே ஏற்ற துணையாகும்.

நீரும் உஷ்ணநிலையும்

பெங்களூரு கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஜனவரி மாத இரவுகளில் உஷ்ணநிலை 15 அல்லது 16 டிகிரி சென்டிகிரேடு வரை தாழும். இம்மீனுக்கு வேண்டுவதோ 24 முதல் 28 டிகிரி. ஆகவே, சென்னையில் பெரும்பாலும் தேவைப்படாத வெப்பமூட்டும் கருவி இங்கு இன்றியமையாதது. லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுவான கணக்கு. மூடிக்குக் கீழுள்ள காற்றும் வெதுவெதுப்பாக இருத்தல் வேண்டும். ஏனெனில், இம்மீன் சுவாசிப்பது அக்காற்றையே.

நீரின் தன்மையும் கருதத்தக்கது. 1890-களில் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய் நீர் பெற்ற இந்நகரம், 1974 முதல் காவிரி நீரையும் பெற்று வருகின்றது. குழாய் நீரில் குளோரின் கலந்திருப்பதால், அதனைக் காற்றூட்டி ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்தல் வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல பகுதிகளில் கடினத்தன்மை மிக்கது. இம்மீனோ மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீரை விரும்புவது. இதற்கு எளிய வழி மழைநீரே. பெங்களூருவில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர்ச் சேகரிப்பு 2009-இல் கட்டாயமாக்கப்பட்டது. முதல் மழையின் நீரை ஒதுக்கிவிட்டு, பின்னர் சேகரித்த நீரைக் குழாய் நீருடன் கலந்தால் கடினத்தன்மை குறையும். உலர்ந்த நாட்டுவாதுமை இலைகள் இரண்டொன்றை இட்டால் நீர் சற்றே அமிலத்தன்மை பெறும்.

உணவு

இம்மீன் மூழ்கிய உணவைத் தேடிச் செல்வதில்லை. மிதக்கும் உயிருணவே இதற்கு ஏற்றது. சிள்வண்டு, சிறு வெட்டுக்கிளி, ஈ, கொசுவின் கூட்டுப்புழு ஆகியவற்றை இது விரும்பி உண்ணும். பூச்சிமருந்து தெளித்த தோட்டங்களிலிருந்து பிடித்த பூச்சிகளை இடுவது மீனுக்கு நஞ்சு ஊட்டுவதாகும். பழகிய மீன்கள் மிதக்கும் உலர் உணவையும் ஏற்கலாம்.

இனப்பெருக்கம்

ஆண், பெண் வேறுபாட்டைக் குதத் துடுப்பைக் கொண்டு அறியலாம். பெண் மீனில் அதன் பின்விளிம்பு நேராக இருக்கும். ஆண் மீனில் உள்வளைந்திருக்கும். உயிருணவை மிகுதியாகக் கொடுத்து, நீர்மட்டத்தைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தினால் இணைசேரும் தூண்டுதல் உண்டாவதாக வளர்ப்போர் கண்டுள்ளனர். ஆண் மீன் நெடுநேரம் பெண்ணின் முதுகின்மீது அமர்ந்து, தன் நீண்ட துடுப்புக் கதிர்களால் அதனைப் பற்றிக்கொள்ளும். பெண் ஒவ்வொரு முறையும் சில முட்டைகளையே இடும். பல நாட்களில் அவை நூறையும் கடக்கலாம்.

முட்டைகள் நீர்ப்பரப்பில் மிதக்கும். முதலில் ஒளி ஊடுருவுவனவாக இருந்து, சில மணி நேரத்தில் கருமை அடையும். பெற்ற மீன்கள் அவற்றை உண்ணக்கூடுமாதலால், கரண்டியால் மெல்ல எடுத்து, அதே நீர் நிரப்பிய ஆழமற்ற தட்டிற்கு மாற்றுதல் வேண்டும். ஏறத்தாழ இரண்டு நாட்களில் குஞ்சுகள் வெளிவரும்.

உண்மையான இடர் இதன் பின்னரே தொடங்குகின்றது. குஞ்சுகள் இரையை நாடி நீந்துவதில்லை. வாய்க்கு முன்னே, நீர்ப்பரப்பின்மீது வந்தடைந்ததையே உண்ணும். எனவே, தட்டில் நீர் நிறைந்திருப்பினும் அவை பட்டினியால் மடிகின்றன. இத்தோல்வியைத் தவிர்க்க, முட்டை பொரிக்கும் முன்னரே உணவைப் பெருக்கி வைத்தல் வேண்டும். ஈரமான மட்கிய மண்ணில் வளரும் மிகச்சிறிய துள்ளுபூச்சிகள் நீரில் மூழ்காதனவாதலால் முதல் உணவாகச் சிறந்தவை. செடிகளில் காணும் இளம் அசுவினிகளும் பயன்படும். சற்று வளர்ந்தபின், கனிந்த வாழைப்பழம் இட்ட புட்டியில் பெருகும் பழ ஈக்களை அளிக்கலாம். உணவை நாளைக்குப் பல முறை, நீர்ப்பரப்பு முழுவதும் பரவத் தூவுதல் அவசியம். தட்டை மூடிவைத்து மேலுள்ள காற்றை ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் காத்தல் வேண்டும்.

பொறுப்பு

கடைகளில் விற்கப்படும் இவ்வின மீன்களுள் பெரும்பாலானவை ஆப்பிரிக்க நீர்நிலைகளில் பிடிக்கப்பட்டவையே. இல்லத்தில் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்குவோர், அந்த அளவுக்கு இயற்கையிலிருந்து மீன் பிடிப்பதைக் குறைக்கின்றனர். வளர்க்க இயலாத நிலை வரின், மீனை வேறொரு வளர்ப்பாளரிடம் ஒப்படைத்தலே முறை. ஏரியில் விடுதல் கூடாது. கொசு ஒழிப்பிற்கென 1928-இல் இந்தியாவுக்குக் கொணரப்பட்ட காம்பூசியா மீன் நாட்டு மீன்களுக்குப் போட்டியாயிற்று. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை 2000-இல் மத்திய அரசு தடை செய்த பின்னரும் அது நீர்நிலைகளில் நீடிக்கின்றது. ஏரியில் ஒருமுறை பெருகிய அயல் மீனை மீட்டெடுப்பது அரிது. தொட்டியை மூடிவைக்கும் கவனம், தொட்டிக்கு வெளியே உள்ள நீர்நிலைகளின்பாலும் இருத்தல் வேண்டும்.